செக்கு சுற்றுவதற்கு முன் நான் சுற்றிய எட்டு மாதம்

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊரில் மானாவாரி என்றால் மல்லாட்டைதான். (தெற்கே இருப்பவர்களுக்கு: நிலக்கடலை.) ஐப்பசியில் பிடுங்கி, காயவைத்து, உடைத்து, பருப்பை வேலூர் வியாபாரியிடம் போட்டுவிட்டுத் திரும்பும்போது சமையலுக்கு பாக்கெட் எண்ணெய் வாங்கி வருவோம். நான் கொஞ்ச காலம் பருப்பைப் பள்ளிகொண்டாவுக்கு எடுத்துப் போய்க் கூலிக்கு ஆட்டி, பாட்டிலில் ஊற்றித் தெரிந்த டீச்சர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூலியும் பஸ் செலவும் போக மிஞ்சியது சொற்பம். நாமே ஒரு மரச்செக்கு போட்டால் என்ன என்று 2023 ஆடியில் இறங்கினேன்.

கடன் கேட்டது பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில். 2008இல் வந்த திட்டம். பொதுப் பிரிவு ஆண் நகரத்தில் தொழில் தொடங்கினால் மானியம் 15 சதவீதம், கைக்காசு 10 சதவீதம். கிராமத்தில் ஒரு பெண் தொடங்கினால் மானியம் 35, கைக்காசு 5. என் திட்ட மதிப்பு 8 லட்சம். செக்கு, மோட்டார், வடிகட்டும் தொட்டி, கொட்டகை வேலை எல்லாம் சேர்த்து நாலரை லட்சம், பருப்பு வாங்க மூன்றரை லட்சம். நிலத்தின் விலையை இதில் சேர்க்க முடியாது. கையிலிருந்து 40,000, பேங்க் கடன் 7,60,000, அந்தக் கடனில் பின்னால் மானியமாகக் கழிவது 2,80,000. கணக்கு கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் அடியே சறுக்கல். பிரவுசிங் சென்டர் தம்பி, "உத்யம் இருந்தாத்தான் அக்கா லோன் தருவாங்க" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்தான். (உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் பதிவு.) அந்தப் பதிவு முழுக்க இலவசம் என்பது எனக்கு அப்போது தெரியாது. போன 500 போகட்டும். தொழில் தொடங்கிய தேதி என்ற கட்டத்தில், நான் பாட்டில் விற்க ஆரம்பித்த 2021ஆம் வருடத்தைப் போட்டுவிட்டான். காட்பாடி காந்தி நகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குக் காகிதங்களோடு போனபோது, அங்கிருந்த சார் அந்தச் சான்றிதழை மட்டும் தனியே உருவி எடுத்தார். "ஏம்மா, இது புதுசாத் தொடங்குறவங்களுக்கான திட்டம். நீங்க ரெண்டு வருஷமா நடத்துறேன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே?" என்றார். செக்கே இல்லை சார், வாடகைக்கு ஆட்டினேன் என்றேன். சிரித்தார். ஆனால் காகிதம் சிரிக்காது இல்லையா? அந்தப் பதிவை ரத்து செய்து, முதலிலிருந்து விண்ணப்பித்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. ஒடுகத்தூரில் ஏறி வேலூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் பாலாற்றுப் பாலம் தாண்டிப் போவது மட்டும் ஐந்து தடவை.

கிராமப்புறச் சான்று, சாதிச் சான்று, கோயம்புத்தூரிலிருந்து மெஷின் கொட்டேஷன் எல்லாம் அலைச்சல்தான், ஆனால் கிடைத்துவிடும். கதையே பேங்கில்தான் ஆரம்பிக்கிறது.

தொழில் மையம் பரிந்துரைத்து ஆன்லைனில் அனுப்பிவிடும். கடன் தருவதா வேண்டாமா என்பது கிளை மேனேஜர் கையில். எந்த பேங்க் என்று சொல்லப் போவதில்லை. முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "நிலப் பத்திரம் இருக்காம்மா?" நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது. இரண்டாவது தடவை அதே கேள்வி. மூன்றாவது தடவை போவதற்கு முன் தொழில் மையத்தில் கேட்டேன். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதற்குப் பதில் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்கிற உத்தரவாத நிதியில் சேர்க்கலாம், அதற்கு வருடக் கட்டணம் நம் கணக்கில் பிடிப்பார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தார்கள். சீட்டை மேனேஜர் மேஜையில் வைத்து, "சார், இந்தக் கட்டணம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டேன். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் பத்திரப் பேச்சு வரவில்லை. டிசம்பரில் அனுமதி வந்தது. 10 நாள் தொழில்முனைவோர் பயிற்சியை போனிலேயே முடித்தேன், ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு.

பணம் ஜனவரிக் கடைசியில் வந்தது, மெஷின்காரர் கணக்குக்கு நேராக. செக்கு வந்து ஓடியது மார்ச்சில். வாகை மர உரல். புது மரம் என்பதால் முதல் நாள் 15 கிலோ பருப்பு போட்டோம். பாதி எண்ணெயை உரலே குடித்துவிட்டது. அத்தை மட்டும் புண்ணாக்கைப் பிட்டு வாயில் போட்டு, "இதுலதான்டி எண்ணெய் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மாட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு உண்மையான அடி அதுவல்ல. மல்லாட்டை விலை இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது நான் பேங்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாசியில் பருப்பு வாங்கப் போனால், எங்கள் ஊரில் விளைந்ததையே வேலூர் வியாபாரியிடம் ஏறின விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. திட்டம் போடுகிறவர்களுக்கு மார்ச் 31 தெரிகிறது, ஐப்பசி தெரியவில்லை. விண்ணப்பிக்கிறவர்கள் உங்கள் சரக்கு எந்த மாதம் மலிவோ, அதிலிருந்து எட்டு மாதம் பின்னால் எண்ணித் தொடங்குங்கள்.

மானியம் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது கைக்கு வராது. 2,80,000 ரூபாயும் பேங்கிலேயே உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருடம் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்தபிறகுதான் கடனில் கழிப்பார்கள். டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு அவர்களும் வட்டி போடக் கூடாது. என் கணக்கில் மே மாதம் டெபாசிட் வந்தபிறகும் இரண்டு மாதம் முழுக் கடனுக்கும் வட்டி பிடித்திருந்தார்கள், மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் அதிகமாக. ஸ்டேட்மென்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவில் கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். கிளார்க் பெண் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, "ஆமாக்கா" என்றாள். அடுத்த வாரம் திருப்பி வரவு வைத்தார்கள்.

இன்னொரு விதி, யாரும் வாய் திறந்து சொல்லாதது. பருப்பு வாங்கத் தரும் கேஷ் கிரெடிட்டை, அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடனை, அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது முழு அளவுக்கு எடுத்திருக்க வேண்டும். கடன் கம்மியாக இருந்தால் நல்லது என்று எடுக்காமல் விட்டால் மானியத்திலேயே வெட்டு விழும். நான் முதல் வருடம் அப்படித்தான் பயந்து பயந்து ஒரு லட்சத்தோடு நிறுத்தியிருந்தேன். அடுத்த ஐப்பசியில் மூன்றரை லட்சத்தையும் எடுத்து, களத்திலேயே நின்று எங்கள் ஊர்க்காரர்களிடம் மூட்டை மூட்டையாக வாங்கினேன்.

என் மானியத்துக்கு 2027 மே வரை பூட்டு. போன வாரம் அணைக்கட்டிலிருந்து ஒரு பெண், பாக்குமட்டைத் தட்டு மெஷின் போட வேண்டும், வழி சொல்லுங்கள் என்று வந்தாள். உத்யம் எடுத்துட்டியா என்று கேட்டேன்.

"நேத்துதான் அக்கா. 600 ரூபாய் ஆச்சு."

சான்றிதழைக் கொடு, முதலில் தேதியைப் பார்ப்போம் என்றேன்.