நாமினி: அம்மா

ஜூலை 3, 2025, வியாழன்

வீட்டுக் கடனின் முதல் ஸ்டேட்மென்ட் வந்தது. நான் வாங்கியது 20 லட்சம். இதில் 21,12,000 என்று இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதேதான். ஜூன் 12 அன்று, 'பிரீமியம்' என்று 1,12,000 ரூபாய். மெயிலைத் துழாவினால், புடவைக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே ஜூன் 16 தேதியில் ஒரு காப்பீட்டுச் சான்றிதழ். கடனுக்கு ஆயுள் காப்பீடாம், கூடவே தீவிர நோய்க் காப்பீடாம்.

"இங்க, இங்க, அப்புறம் இங்க மேடம்" என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார் வங்கியில் அந்தத் தம்பி. பதினைந்துக்கு மேல் நான் எண்ணவில்லை. "கேள்வியைப் படிச்சிட்டு எழுதுங்கடா" என்று வருடம் முழுக்கக் கத்துகிற டீச்சர் நான்.

ஜூலை 4, வெள்ளி

ராத்திரி உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். சான்றிதழில் நாமினி: அம்மா. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. சேமிப்புக் கணக்கில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள், பிள்ளை குட்டி இல்லை. நான் போய்விட்டால் வங்கி ஃபிளாட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளட்டும், யார் தெருவில் நிற்கப் போகிறார்கள்? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டியதுதான். எனக்கு எதற்கு?

அதைவிட மோசம் அடுத்த பக்கம். விண்ணப்பத்தின் கலர் ஸ்கேன். 'சர்க்கரை நோய் உண்டா?' என்பதற்கு 'இல்லை' கட்டத்தில் டிக். ஆறு வருடமாக இரண்டு வேளை மெட்ஃபார்மின் போடுகிறேன். என் கையெழுத்து கறுப்பு மசியில் இருக்கிறது, டிக் நீலத்தில். நாளைக்கு மாரடைப்பு வந்து பணம் கேட்டால், "சர்க்கரையை மறைச்சிட்டீங்க" என்று கையை விரித்துவிடலாம். மறைக்காவிட்டாலும் முதல் 90 நாளுக்குள் நோய் வந்தால் கிடையாது, நோய் தெரிந்த பிறகு 30 நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

ஜூலை 5, சனி

வங்கிக்குப் போனேன். "இன்சூரன்ஸ் இல்லாம லோன் சாங்ஷன் ஆகாது மேடம்." அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தத் தம்பி சிரித்தார். கடன் அனுமதிக் கடிதத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே என்று காட்டியதும் மேனேஜர் டீ சொன்னார். குடிக்கவில்லை. "வெரிஃபிகேஷன் கால்ல எஸ் சொல்லியிருக்கீங்களே?" சொன்னேன்தான். எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லச் சொன்னது இதே தம்பிதான். அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

எல்.ஐ.சி. ஏஜென்ட்டாக இருந்த பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். "சண்டை போடாதே பாப்பா, தேதியைப் பார்" என்றார் அண்ணன். சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் 'ஃப்ரீ லுக்'. அதற்குள் வேண்டாம் என்றால் காரணமே சொல்ல வேண்டாம். ஜூன் 16-லிருந்து எண்ணினால் இன்னும் பத்து நாள் இருக்கிறது. கம்பெனி இழுத்தடித்தால், காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் பீமா பரோசா இணையதளத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அவரே கணக்கும் போட்டார். 1,12,000-க்கு 8.5 சதவீதம், 15 வருடம் என்றால் மாதம் 1,103 ரூபாய். கடைசியில் 1,98,500. அந்த 1,12,000-க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

ஜூலை 7, திங்கள்

கம்பெனிக்கு மெயில், பதிவுத் தபால், வங்கிக்கு நகல். ரத்து செய்யவும், பணத்தைக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கவும் என்று இரண்டே வரி. சர்க்கரை டிக் பற்றித் தனித் தாளில் எழுதி, டாக்டர் சீட்டின் நகலையும் வைத்தேன். வங்கியில் நகலை வாங்கி சீல் வைக்க முக்கால் மணி நேரம்.

ஜூலை 18, வெள்ளி

கம்பெனியிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன். "பிரீமியத்தைக் குறைச்சுத் தர்றோம் மேடம், கேன்சல் மட்டும் வேண்டாம்." பீமா பரோசாவில் புகாரைப் பதிந்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

கடன் கணக்கில் 1,10,640 வரவு. காப்பீடு ஓடிய நாட்களுக்கான தொகையும் முத்திரைத்தாள் செலவும் கழித்தார்களாம். சரி. ஆனால் அந்தப் பணத்துக்கு 47 நாள் வட்டி, ஏறக்குறைய 1,226 ரூபாய், என் தலையில்தான். நீல டிக் யார் போட்டது என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இந்த வாரம் திரும்பவும் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சேமிப்புக் கணக்கில் நாமினியை மாற்றப் போனேன். அண்ணன் மகள் பெயர். அந்தத் தம்பிதான் படிவம் கொடுத்தார், வழக்கம்போலப் பென்சிலில் புள்ளி வைத்து. ரப்பர் கேட்டு வாங்கிப் புள்ளிகளை அழித்தேன். முழுதும் படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது, எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். பழைய நாமினி என்ற இடத்தில் அம்மாவின் பெயரை இனிஷியலோடு எழுதினேன்.