மூன்றாவது முறையும் பெயரைக் கேட்டார்

"உங்க பேர் சொல்லுங்கம்மா… பிறந்த தேதி?"

காலையிலிருந்து மூன்றாவது தடவை. அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இப்பத்தானே சொன்னேன்!"

நர்ஸ் ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பி, பட்டையில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார். பிறகு மருந்துச் சீட்டு. அப்புறம்தான் ஊசி.

மருத்துவமனைக்குத் தர அங்கீகாரம் கொடுப்பவர்கள் கேட்கும் விதி இது. இரண்டு அடையாளமாவது பார்க்கணும்; படுக்கை எண் கணக்கில் சேராது. கட்டில் மாற்றுவார்களே!

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இப்படி எளிய சரிபார்ப்புகள்தான், வெறும் 19 அம்சங்கள். 8 மருத்துவமனைகளில் சோதித்தபோது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. 2009இல் வெளிவந்த ஆய்வு.

அங்கீகாரத்துக்காகச் சோதிக்கும் குழு வரும் வாரம் மட்டும் விதியைப் பார்க்கிற இடங்களும் உண்டு. இங்கே நேற்று ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்டார்கள்.

அம்மா தூக்கக் கலக்கத்திலேயே தேதியைச் சொன்னார்.