வைமரானர் ஏன் நம் காலடியிலேயே கிடக்கிறது?

எங்கள் வீட்டு வைமரானர் நாய் நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். கதவை மூடினால் வெளியே படுத்துக் காத்திருக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் ஜெர்மனியின் வைமர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக வளர்த்தெடுத்த இனம் இது. மனிதருக்குப் பக்கத்திலேயே வேலை செய்து பழகியது, தனிமை தாங்காது. நீண்ட நேரம் தனியே விட்டால் பல வைமரானர்கள் கதவைச் சுரண்டும், ஊளையிடும், சோபாவைக் கிழிக்கும். எல்லாம் பதற்றம்தான். திட்டினால் இன்னும் கூடும். சில நிமிடங்களில் தொடங்கி, தனியே இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழக்குங்கள்.

அப்புறம், போர்வை நுனியைக் கைக்குழந்தை மாதிரி சப்பிக்கொண்டே தூங்கும் பழக்கம். இந்த இனத்தில் நிறைய நாய்களுக்கு உண்டு, பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்! துணியை விழுங்காத வரை கவலை இல்லை.

தினமும் நன்றாக ஓட விடுங்கள், மோப்ப விளையாட்டும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் சாப்பிட்ட உடனே ஓட்டம் வேண்டாம். மார்பு ஆழமான இனம் என்பதால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு வீங்கி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.