'நம் நம்': வியட்நாமிய எழுத்தோடு இரண்டு மாதம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பிரஷ் பேனா ஒன்று, செலவு அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்தேன். முதலில் சீன எழுத்தை வைத்து வியட்நாமியத்துக்கு உண்டாக்கிய பழைய நோம் எழுத்து, நடுவில் 1651-இல் ரோமில் அச்சான, சேசு சபைப் பாதிரியார் அலெக்சாந்தர் த ரோடின் அகராதி எழுதிய விதம், கடைசியில் இன்றைய ரோமன் எழுத்து. ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதிப் பார்ப்பது, அதுதான் திட்டம். தினம் ஒரு சொல் என்று ஆரம்பித்து இரண்டு மாதத்தில் 38-இல் நிற்கிறேன், பரவாயில்லை.

முதலில் மாட்டிக்கொண்டது 'நம்' என்ற சொல்லில். ஐந்துக்கும் நம், வருடத்துக்கும் நம், தொனிகூட (பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) ஒன்றுதான். 'ஐந்து வருடம்' என்றால் 'நம் நம்'. இன்றைய எழுத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நோமில் அப்படி இல்லை. 'தெற்கு' என்று பொருள்படும் சீன எழுத்தை (அதன் ஒலி 'நாம்', வியட்நாமில் இருக்கும் அதே நாம்தான்) ஒலிக்காக வைத்து, பக்கத்தில் சீன 'ஐந்து' போட்டால் எண், சீன 'வருடம்' போட்டால் வருடம். எண்ணுக்கு 13 கோடு, வருடத்துக்கு 15 கோடு. ஒரு கட்டத்துக்குள் 15 கோட்டை நுழைக்கப் போய் மை ஊறி, முதல் வாரம் முழுக்க எறும்பை நசுக்கின மாதிரிதான் வந்தது. அப்புறம் நாலு கட்டத்தைச் சேர்த்து ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டேன்.

சீன ஆட்சி 938-இல் முடிந்த பிறகும் அரசாங்க எழுத்து சீனம்தான். சொந்தச் சொற்களை எழுத இப்படி ஒட்டுப்போட்டு உண்டாக்கியதுதான் நோம். சீனம் தெரிந்தவனுக்குத்தான் நோம் வரும் என்பது இதில் பெரிய சிக்கல், என்னைப் போன்ற ஆளுக்கு இரட்டைத் தண்டனை.

நான்காவது வாரம் 'நூறு'. இன்றைக்கு ட்ரம், ஹனோயில் கிட்டத்தட்ட 'சம்' என்றே கேட்கும். நோமில் சீன 'நூறு'வோடு, ஒலிக்காகச் சேர்த்திருப்பது காடு என்ற எழுத்து, இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில். அதன் ஒலி 'லம்'. ட்ரம்முக்கு எதற்கு லம் என்று இரண்டு நாள் குழம்பினேன். நடுப் பத்தியை நிரப்ப 1651 வடிவத்தைத் தேடினால் 'த்லம்' என்று இருக்கிறது! அன்றைக்கு லகரம் வாயில் இருந்திருக்கிறது. வானத்துக்கும் இதே கதை, இன்று ட்ரொய், அகராதியில் ப்லொய். ரோமன் எழுத்துக்கு ரோடு ஒருவரையே காட்டுவார்கள், ஆனால் அவருக்கு மொழி கற்றுக்கொடுத்த பிரான்சிஸ்கோ த பினாவும் மற்ற போர்ச்சுகீசியச் சேசு சபையாரும் முன்பே பாதி வேலையை முடித்திருந்தார்கள். போர்ச்சுகீசியர் தமிழையும் 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தவர்கள்தான். நம்மிடம் அது ஒட்டவில்லை, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. வியட்நாமிலும் உடனே ஒட்டிவிடவில்லை. ரோமன் எழுத்தில் முதல் செய்தித்தாள் சைகோனில் 1865-இல், சீன எழுத்தில் நடந்த கடைசி அரசுத் தேர்வு 1919-இல்.

தொனிதான் இன்னும் வரவில்லை. தட்டச்சில் சுலபம், சொல்லின் முடிவில் எஸ் தட்டினால் ஏறும் தொனி, எஃப் தட்டினால் இறங்கும் தொனி, ஆர், எக்ஸ், ஜே மற்ற மூன்றுக்கு. வாய்க்கு அப்படி விசை கிடையாது. ஆர் தொனியையும் எக்ஸ் தொனியையும் பதிவு செய்து கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. தென் வியட்நாமில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று தெரிந்ததும் நான் தெற்கத்தி உச்சரிப்புக்காரன் ஆகிவிட்டேன். ஆறு தொனியும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. சொல்லின் கடைசி மெய்கள் உதிர்ந்ததும் முதல் மெய்கள் மாறியதும்தான் தொனியாக நின்றன என்று 1954-இல் பிரெஞ்சு மொழியியலாளர் ஓத்ரிகூர் காட்டினார். வியட்நாமியத்தின் அதே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த, கம்போடியாவின் கெமர் மொழியில் இன்றும் தொனி இல்லை. ஜார்க்கண்டின் சந்தாலியும் தூரத்து உறவு: மூன்று, நான்குக்கு அங்கே பே, போன், வியட்நாமியத்தில் பா, போன்.

நேற்று ஆசைக்கு ஙுயென் ஸூ என்ற வியட்நாமியக் கவிஞரின் 'கியூ' காவியத்தைத் திறந்தேன். 3254 வரி, நோமில் எழுதியது. (ஙகரத்தில் சொல் தொடங்குவது நமக்கு அபூர்வம், அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயரே அதில்தான்.) முதல் வரியில் ஆறு எழுத்து. முதலாவது இரண்டு மரம் நிற்கும் நூறு, அடுத்தது பதினைந்து கோட்டு வருடம். மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டேன், இந்த வாரம் அது.