உங்கள் இரண்டாவது வாக்கையாவது தாருங்கள்

மருத்துவமனையில் என் பகல் பணி இரவு எட்டரைக்கு முடியும். ரயிலிலிருந்து இறங்கி எங்கள் குடியிருப்புக்கு வரும் நடைபாதையில் பாதித் தூரத்துக்கு விளக்கே கிடையாது. அயர்லாந்தின் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. கைபேசி வெளிச்சத்தில் நடந்துவரும் செவிலியர்கள் எங்கள் குடியிருப்பில் மட்டும் பதினொரு பேர். மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பான கவுண்டி மன்றத்துக்கு நான்கு முறை எழுதினேன். கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அதனால்தான் 2024 ஜூன் 7 உள்ளாட்சித் தேர்தலில் நின்றேன்.

என் கையில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் குடியுரிமை தேவையில்லை, வசித்தாலே போதும். நைஜீரியாவிலிருந்து தஞ்சம் கோரி வந்த ரோட்டிமி அடேபாரி, 2004-இல் போர்ட்லீஷ் நகர மன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்வாகி, 2007-இல் மேயரும் ஆனார். கட்சி இல்லாதவர் 100 யூரோ டெபாசிட் கட்ட வேண்டும், அல்லது தொகுதி வாக்காளர்கள் 15 பேரின் ஒப்புதலைப் பெற வேண்டும். நான் 15 பேரைத் தேடிப் போனேன். அந்த அலைச்சலில்தான் என் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக எனக்குத் தெரிந்தது.

நாகர்கோவிலில் இருந்து அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன சின்னம் கொடுத்திருக்கிறார்கள்?" என்பதுதான். சுயேச்சைக்கு இங்கே சின்னம் இல்லை, வாக்குச்சீட்டில் பெயரும் புகைப்படமும்தான் என்றேன். "அப்படியானால் உன் முகம்தான் சின்னம்" என்றார்.

அந்த முகத்தோடு கதவு கதவாகத் தட்டுவது எளிதாக இல்லை. முந்தைய நவம்பரில்தான் டப்ளினில் குடியேறிகளுக்கு எதிரான கலவரம் நடந்திருந்தது. "உன் ஊரில் போய் நில்" என்று ஒருவர் என் கண்ணெதிரே கதவைச் சாத்தினார். அன்று மாலை மேற்கொண்டு ஒரு வீட்டுக்கும் போக முடியவில்லை. மறுநாள் அதே தெருவில் ஒரு மூதாட்டி என்னை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். "என் முதல் வாக்கு உனக்கு இல்லை, மகளே. நான் அதைக் கொடுக்கப்போகிறவனுடைய அம்மாவை எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் என் இரண்டாவது வாக்கை இன்னும் யாரும் கேட்கவில்லை" என்றார்.

இங்கே வாக்காளர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுதுகிறார்கள். ஒரு வேட்பாளர் குறைந்த வாக்குகளால் ஒரு சுற்றில் நீக்கப்பட்டால் அவருடைய வாக்குச்சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும். வந்து ஆறே ஆண்டுகளான நான், தலைமுறைகளாக அறிந்தவருக்குரிய முதல் இடத்தை எப்படிக் கேட்பேன்? அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் இரண்டாவதைக் கேட்டேன். கேட்டதும் முகங்கள் இளகின. விளக்கில்லாத பாதையைப் பற்றிப் பேச அவர்களுக்கும் எவ்வளவோ இருந்தது.

மனதை வருத்தியது வேறொன்று. தமிழ், மலையாளக் குடும்பங்களில் பலர், "அக்கா, நமக்கு ஓட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள், இந்த உரிமை மட்டும் தெரியவில்லை. பெயர் சேர்க்கக் கடைசி நாள் மே 20. பிரசாரத்தை நிறுத்திவிட்டு மூன்று மாலைகள் பதிவு வேலையே பார்த்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

வாக்கு எண்ணிக்கை ஒரு விளையாட்டரங்கில் நடந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் சாய்ந்து நின்று, சீட்டுகள் பிரிக்கப்படும்போதே குறித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே எல்லாக் கட்சியினருக்கும் உண்டு. நானும் ஒரு நோட்டோடு நின்றேன். முதல் சுற்றில் எனக்கு 391. ஏழாவது சுற்றில் நீக்கப்பட்டபோது 618. என்னை முதலாவதாகத் தேர்ந்தெடுக்காத 227 பேரின் சீட்டுகள் என்னிடம் வந்திருந்தன. பின்பு என் சீட்டுகள் பிரிந்தன. எங்கள் தொகுதியில் தேர்வான உறுப்பினர்களில் கடைசியாக வென்ற சுயேச்சை விவசாயிக்கு, அவற்றிலிருந்து சென்றவை 140.

மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். பாதையின் வரைபடத்தை மேசையில் விரித்தேன். "உங்கள் 140 எனக்குத் தெரியும்" என்றார். செப்டம்பர் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். இப்போது நான்கு கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். வளைவுக்கு அப்பால் இன்னும் மூன்று வேண்டும். வியாழக்கிழமை பணி முடிந்து அவரைப் பார்க்க மீண்டும் போகிறேன்.