ஆஸ்பத்திரியில் நண்டு

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு கிழமை ஆகியும் அவரை எங்கேயும் கூட்டிப் போகவில்லை என்ற குற்ற உணர்ச்சியில், போன ஞாயிறு கொழும்புக் கோட்டையில் இருக்கும் பழைய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரி என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஆருக்குப் பிள்ளை என்ன?" ஒருவருக்கும் ஒன்றுமில்லை அம்மா, இப்போது அங்கே சாப்பாட்டுக் கடைகள்தான் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்களுக்காகக் கட்டியது. கப்பலில் நோயோடு வந்து இறங்குபவர்களைச் சுணங்காமல் கொண்டுவர வசதியாகத் துறைமுகத்துக்குக் கிட்ட. உள்ளே போனதும் வெயில் ஒரு படி குறைந்தது போல இருந்தது. சுவரின் கனம் அப்படி. ஒரு கதவு நிலையில் கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு சாண் தாண்டியது. மேலே பெரிய தேக்கு உத்தரங்கள், ஓடு, நீள விறாந்தை, நடுவில் முற்றம். அம்மா முற்றத்தில் நின்று நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு, "இது எங்கட நாற்சார் வீடு மாதிரியெல்லோ, கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்" என்றார். மூன்று நூற்றாண்டுப் பெருமையை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் வேறொரு நினைப்பும் வரும். 1980களில் இருந்து சில காலம் இதே கட்டடம்தான் கோட்டை பொலிஸ் நிலையம். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் குண்டு வெடித்துத் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தபோது இதுவும் சேதப்பட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கோட்டைக்குப் போவதென்றால் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தமிழில் கதைக்காமல், சோதனைச் சாவடி எப்போது வரும் என்று பார்த்தபடிதான் போவது. போர் முடிந்தபின் கட்டடத்தைத் திருத்தி 2011 டிசம்பரில் கடைகளுக்குத் திறந்தார்கள். இப்போது அதே முற்றத்தில் நின்று உரத்த குரலில் "அம்மா, இங்கால வாங்கோ" என்று கூப்பிடுகிறேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த பஸ்ஸில் வந்திருக்க மாட்டார்கள்.

சரி, சாப்பாடு. இங்கே பேர்போனது மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டுக் கடை, கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் மஹேலவும் பங்காளிகள். நண்டை நிறைப்படி விற்பார்கள், இரண்டு கிலோ நண்டு கூட உண்டு. எங்கள் களப்பு நண்டில் நல்லதெல்லாம் ஒரு காலம் நேரே சிங்கப்பூருக்கு ஏறிவிடும், அதை இங்கேயே நிறுத்திச் சமைக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்தது. விலைப்பட்டியல் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்தக் காசுக்குக் குருநகரில ஒரு கூடை வாங்கலாம். முருங்கையிலையும் போட மாட்டினம்." முன்பதிவும் செய்யவில்லை, ஆகவே கௌரவமாக வெளியே வந்து, பக்கத்தில் இன்னொரு கடையில் சோறும் மீனும் சாப்பிட்டோம். சுமார்தான். பில்லில் சேவைக் கட்டணம் பத்து வீதம், அதற்கு மேல் வற் வரி, தண்ணீர்ப் போத்தலுக்கு வெளியில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. பில்லை அம்மா பார்க்காதபடி மடித்து வைத்தேன், பார்த்துவிட்டார்.

கடைகளில் நின்றது நீண்ட நேரம், வாங்கியது கொஞ்சம். கைத்தறித் துணி உண்மையிலேயே அழகு. அம்மா நெசவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துத் தலையாட்டினார், அது அவர் சும்மா கொடுக்கிற பாராட்டல்ல. பிறகு விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்ப வைத்தார். பருத்திச் சேலையைப் புறக்கோட்டையில் வாங்கினோம், நடந்து போகிற தூரம்தான். என்னைக் கேட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள், ஒரு தேத்தண்ணியோடு விறாந்தையில் இருங்கள், சாப்பாட்டை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வாங்கிய ஒரே சாமான் யானைச் சாணிக் காகிதத்தில் செய்த ஒரு குட்டி நோட்டுப் புத்தகம். அம்மா முதலில் மணந்து பார்த்தார். ஊருக்குப் போனபின் நேற்று கோல் எடுத்தபோது சொன்னார், பால்காரன் கணக்கு இப்போது அதில்தானாம்.