ஒற்றைக் காதால் பார்த்த படங்கள்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

பிரமயுகம் முடிந்தபோது இரவு இரண்டு மணி. ஐயா மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். வலது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, இடது காதை அவருடைய மூச்சுக்கென்று விட்டுவைத்துப் படம் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. இருந்தும் இன்று இரண்டு இடங்களில், இருட்டில் மூச்சு வாங்குவது மம்முட்டியா ஐயாவா என்று தெரியாமல் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

இந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பது வெறும் வித்தை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறம் இருந்திருந்தால் அந்த மனையின் பாசியும் சுற்றியுள்ள காடும் அழகாகத் தெரிந்திருக்கும். அழகு தெரிந்துவிட்டால் அங்கிருந்து தப்பிவிட வேண்டும் என்ற பதைப்பு நமக்குக் குறைந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், பசியோடு ஓடிவரும் ஒரு பாணன் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர் சோறு கொடுக்கிறார், பாடச் சொல்கிறார், பிறகு பகடை ஆட அழைக்கிறார். பணயமாக அவர் கேட்பது அவனுடைய மிச்ச ஆயுளை. அந்த வீட்டில் இருக்கும் சாத்தன் என்ற பேயைக் கண்டு நான் பயப்படவில்லை. எத்தனை நாளாக அங்கே இருக்கிறோம் என்ற கணக்கு பாணனுக்குக் கைநழுவிப் போவதைப் பார்த்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. குளிசைப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கூடு வெறுமையாக இருந்ததைப் பார்த்துத்தான் இன்று ஞாயிறு என்று நானும் அறிந்துகொண்டேன்.

கடைசி அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அது தேவையில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

ஐயாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் தண்ணீர்தான். காலையில் போத்தலில் நிரப்பி, வெளிப்பக்கத்தில் கறுப்பு மையால் நான்கு கோடுகள் போட்டு வைக்கிறேன். தேத்தண்ணி, கஞ்சி, குளிசைக்கு விழுங்குவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் அடக்கம். இரண்டாவது கோட்டை மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிட்டால் நான் போத்தலை எடுத்துக் குசினிக்குள் வைத்துவிடுவேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். போத்தல் போகிற திசையைப் பார்ப்பார்.

இன்று இரவு மேட் மேக்ஸ் வரிசையில் 2015இல் வந்த படத்தைப் பார்த்தேன். பாறையின் உச்சியில் நின்று மக்களுக்குக் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, உடனேயே அடைத்து, தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று அந்தக் கிழவன் அறிவுரை சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் வைத்தியர் எழுதித் தந்த ஒரு துண்டு மட்டுமே.

பாதியில் இயர்போனை முற்றாகக் கழற்றிவிட்டேன். சத்தமில்லாமலும் அந்தப் படம் ஓடுகிறது. ஜோர்ஜ் மில்லர் பார்க்க வேண்டியதை எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார். ஏறக்குறைய 2,700 துண்டுக் காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தும் கண் எங்கும் தடுமாறவில்லை, என் உள்ளங்கையளவு திரையிலும் தடுமாறவில்லை. 480 மணி நேரப் படப்பதிவிலிருந்து இரண்டு மணி நேரத்தைப் பிரித்தெடுத்தவர் அவருடைய மனைவி மார்கரெட் சிக்ஸல். ஒஸ்கார் அவருக்குக் கிடைத்தது முற்றிலும் நியாயம். நம்முடைய சண்டைப்படங்களில் யார் யாரை அடிக்கிறார் என்பதை நான் சத்தத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பகலில் ஐயா நன்றாக இருந்தார். "இரவிரவா என்ன பிள்ளை பாக்கிறாய்?" என்று கேட்டார். பேய்ப்படம் என்றேன். "பேய்ப்படம் எண்டால் ஜகன்மோகினி" என்று தீர்ப்புச் சொன்னார்.

விட்டலாச்சாரியாரின் ஜகன்மோகினி தெலுங்கில் 1978இல் வந்தது. ஐயா பார்த்தது தமிழ் பேசிய படத்தை. விண்சரிலா ராணியிலா என்று பத்து நிமிடம் தனக்குத்தானே வழக்காடினார். அந்தத் தியேட்டருக்குப் பக்கத்தில் என்ன கடை இருந்தது, சைக்கிளை எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் நினைவிருக்கிறது, பெயர்தான் வரவில்லை. பேய் மருமகளாக வந்து, விறகு இல்லையென்று தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரித்துச் சமைக்கும் காட்சியை அவர் கட்டிலில் இருந்தபடி காலை நீட்டி நடித்துக் காட்டினார். வீங்கிய கால். காட்டிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாகிவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றபோதும் அந்தக் காட்சியைத்தான் நினைத்தேன். அதில் பயமுறுத்தும் சத்தம் ஒன்றுமில்லை. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணும் ஓர் அடுப்பும்தான். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதருடைய தலைக்குள் அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு பேய்ப்படம். கதவு ஏழு முறை அறைந்தது. ஏழு முறையும் பூனை.

நவம்பர் 14, வியாழன்

காலையில் மாமியை வீட்டில் இருத்திவிட்டுப் போய் வாக்களித்தேன். ஐயாவை ஓட்டோவில் ஏற்றிப் போகலாமா என்று யோசித்து, வாக்குச்சாவடியின் படிகளை நினைத்து விட்டுவிட்டேன். என் விரலில் இருந்த மையைப் பார்த்து அவர் முகம் திருப்பிக்கொண்டார். அவர் தவறவிட்ட முதல் தேர்தல் இதுவல்ல; ஆனால் மற்றவையெல்லாம் அவராகவே தவறவிட்டவை.

சூர்யாவின் கங்குவா படமும் இன்றுதான் வெளியாகிறது. அக்காவின் மகன் தேர்தலை மறந்து அதற்காகத் துள்ளுகிறான்.

நவம்பர் 16, சனி

பெறாமகன் விடவில்லை. "சின்னம்மா, ஒருநாளாவது வெளியிலை வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தான். மாமி வந்து ஐயாவோடு இருந்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இரண்டு காதாலும் படம் பார்க்கப் போகிறேன் என்ற மகிழ்ச்சியோடு போனேன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

சூர்யா உழைத்திருக்கிறார், அதை மறுக்க முடியாது. ஆயிரத்து எழுபதாம் ஆண்டு, ஐந்து தீவுகள், முதலையோடு சண்டை என்று கற்பனைக்கும் பஞ்சமில்லை. ஒரு பையனுக்காகக் கொடுத்த வாக்கு என்பது எந்த மாயாஜாலக் கதைக்கும் போதுமான முதுகெலும்பு. ஆனால் அந்த உலகத்தில் ஒருவரும் பேசுவதில்லை. பாசத்துக்கும் கத்துகிறார்கள், சாபத்துக்கும் கத்துகிறார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் கத்துகிறார்கள். அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளிகளைத் தேவி ஸ்ரீ பிரசாத்தின் இசை வந்து நிரப்பிவிடுகிறது. எல்லாமே உச்சமாக இருந்தால் உச்சத்தை எங்கே போய்த் தேடுவது? இடைவேளைக்குப் பிறகு ஓர் இடத்தில் என்னையறியாமல் இடது காதிலிருந்து கையை எடுத்துவிட்டு எதையோ கேட்கக் காத்திருந்தேன். என்ன கேட்கக் காத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. எழுந்து வெளியே போய் மாமிக்குப் போன் எடுத்தேன். அவர் நித்திரை, ஒன்றுமில்லை என்றார். உள்ளே திரும்பி வந்தபோது இன்னொரு போர் தொடங்கியிருந்தது.

பெறாமகனுக்குப் படம் பிடிக்கவில்லை, ஆனால் நான் பிடிக்கவில்லை என்று சொன்னதும் பிடித்துவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

தியேட்டர்களில் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி கங்குவாவின் தயாரிப்பாளரே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒஸ்கார் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் இந்த இரைச்சலைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறார். ஆகவே குறை என் காதில் இல்லை.

அழைப்பு வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

கங்குவாவுக்குப் பரிகாரமாக, 2018இல் ஜோன் கிரசின்ஸ்கி இயக்கிய எ குவயட் பிளேஸ். சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கொல்லும், கண்ணில்லாத பிராணிகள். அவற்றிடமிருந்து தப்ப ஒரு குடும்பம் மணல் பரப்பிய பாதையில் வெறுங்காலோடு நடக்கிறது, கையால் பேசுகிறது. மூத்த மகளுக்குக் காது கேட்காது. நடித்த மிலிசென்ட் சிம்மண்ட்ஸுக்கும் உண்மையிலேயே கேட்காது. கமெரா அவள் பக்கம் போகும்போதெல்லாம் ஒலி முழுவதும் அணைந்துவிடும். முதல் தடவை இயர்போன்தான் பழுதென்று நினைத்துக் கழற்றி உதறினேன். படிக்கட்டில் நிமிர்ந்து நிற்கும் அந்த ஆணியை முன்கூட்டியே காட்டிவிட்டு, யார் மிதிக்கப்போகிறார்கள் என்று நம்மைக் காக்க வைக்கிறார்கள். கதவு அறைவதைவிட ஓர் ஆணி எவ்வளவோ மேல்.

தாய் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளை பெறும் காட்சியில் படத்தை நிறுத்தினேன். எங்கள் பங்கர் கிணற்றடிக்குப் பின்னால், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி மூடியிருந்தது. சகடை என்ற குண்டுவீச்சு விமானம் மேலே சுற்றும்போது நாங்கள் எல்லோரும் குசுகுசுத்துத்தான் கதைப்போம். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை சிணுங்கினால் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தத் தாயைப் பார்ப்பார்கள். விமானத்துக்குக் காது இல்லை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஒருநாள் ஐயா மட்டும் அந்தக் குசுகுசுப்பின் நடுவே, வழமையான குரலில், "அவனுக்கு நாங்கள் கதைக்கிறது கேக்காது, பிள்ளை அழட்டும் விடுங்கோ" என்று சொன்னார். எல்லோரும் அவரைத்தான் கோபித்தார்கள்.

மீதியையும் பார்த்தேன். தகப்பன் கடைசியில் வாய்விட்டுக் கத்துகிறான். கங்குவா முழுவதும் கத்தியதில் இல்லாத ஒன்று அந்த ஒரு கத்தலில் இருக்கிறது, ஏனென்றால் அதற்காக நாங்கள் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

நவம்பர் 22, வெள்ளி

கைதி, மூன்றாம் தடவை, ஐயாவின் விருப்பத்துக்காகப் பகலில். ஓர் இரவு, ஒரு லொறி, பாட்டு இல்லை, காதல் இல்லை. கார்த்தியைவிட, ஆளில்லாத பொலிஸ் நிலையத்தைச் சில மாணவர்களை வைத்துக்கொண்டு காக்கும் வயதான கான்ஸ்டபிள் நெப்போலியனைத்தான் ஐயாவுக்குப் பிடிக்கும். ஜார்ஜ் மரியான் வரும்போதெல்லாம் தலையணையிலிருந்து எழும்பப் பார்ப்பார். இன்று மயக்கத்தில் கிடக்கும் அதிகாரிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போகும் இடத்தில், "கொழும்புக்கு இப்பிடித்தான் போகவேணும்" என்றார். பகிடிதான். நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்றிரவிலிருந்து விடாத மழை. மின்சாரம் இல்லை. போனில் 30 வீதம் இருக்கிறது. படத்துக்கு இல்லை, அழைப்புக்கு.

நவம்பர் 27, புதன்

ஆறு ஐந்துக்கு மழைக்குள்ளால் மாவீரர் நாள் மணிச் சத்தம் கேட்டது. ஐயாவைப் பிடித்து எழுப்பி விறாந்தையில் இருத்தினேன்.

நவம்பர் 29, வெள்ளி

கிணறும் முற்றமும் ஒரே மட்டம். போனைச் சார்ஜ் செய்ய மாமி வீட்டு ஜெனரேட்டர் வரை முழங்கால் தண்ணீரில் போய்வந்தேன். வீடு முழுக்கத் தண்ணீர் சூழ்ந்திருக்க, நான் போத்தலின் மூன்றாவது கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படம் இல்லாத இரவுகளில் இரண்டு காதும் அவருடையவை, அது இன்னும் மோசம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். தவளைகள் கத்தாமல் இருந்திருந்தால் எண்ணிக்கை பிழைக்காது.

டிசம்பர் 2, திங்கள்

ரொறன்ரோவிலிருந்து அண்ணா எடுத்தார். உப்புக் குறைந்த சமையலைப் பற்றி மூன்று காணொளிகள் அனுப்பியிருக்கிறாராம், பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை, மம்முட்டி மனிதனைத் தின்கிற படம் பார்த்தேன் என்று சொன்னேன். அந்தப் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இந்த நிலைமையில் பேய்ப்படம் பார்க்க எப்படி மனம் வருகிறது என்று கேட்டார். தொடர்பு துண்டித்துப்போனதுபோல் ஹலோ, ஹலோ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

தும்பாட். ராகி அனில் பர்வேயின் 2018ஆம் ஆண்டு இந்திப் படம். பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்த மழை அது. சட்டகத்தின் மூலைகள்கூட நனைந்திருக்கின்றன, பத்து நாளாக நனைந்த வீட்டிலிருந்து பார்க்கிறவளுக்கு அந்த உண்மை உடனே தெரியும். பொன்னுக்கும் தானியத்துக்கும் ஆசைப்பட்ட தேவியின் மகன் ஹஸ்தருக்குப் பொன் கிடைத்துவிட்டது, தானியம் மறுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மாவால் பாவை செய்து எறிந்தால் அவன் பாய்ந்து வருவான். இவ்வளவு எளிமையான, இவ்வளவு கொடுமையான ஒரு பசியை நான் எந்தப் பேய்க்கதையிலும் கண்டதில்லை.

ஆனால் நான் அங்கே வரை போவதற்கு முன்பே சிக்கிக்கொண்டேன். சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு கிழவிக்கு நேரந்தவறாமல் சோறு ஊட்ட வேண்டும். அவள் விழித்துவிட்டால் ஹஸ்தரின் பெயரைச் சொல்லி உறங்க வைக்க வேண்டும். ஒரு நாள் தாய் இல்லாத நேரத்தில் அந்த வேலை சின்னப் பையனிடம் வந்து சேர்கிறது. தட்டை ஏந்திக்கொண்டு அந்த அறையின் வாசலில் அவன் நிற்கிற நிலை. அவனுக்குப் பயம் மட்டும் இல்லை, அருவருப்பும் இருக்கிறது, அருவருக்கிறோமே என்ற வெட்கமும் இருக்கிறது. படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஐயாவின் கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைத்தேன். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

டிசம்பர் 7, சனி

தும்பாட்டைத் தொடர்ந்தேன். பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறான் அவன். நள்ளிரவில் ஐயா விழித்திருந்தார், நான் கவனிக்கவில்லை. "மற்றதைத் தா" என்றார். தொங்கிக்கொண்டிருந்த மற்ற இயர்போனைத்தான் கேட்டார். கட்டில் ஓரத்தில் இருந்து அவர் காதில் வைத்துவிட்டேன். கயிறு குட்டை, தலையை அவர் தோளுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்தி விளங்காது, எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. மாவைத் தரையில் வட்டமாகப் போடும் இடத்தில் மட்டும் "என்ன, புட்டே அவிக்கிறான்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் உறங்கிவிட்டார். அவர் காதிலிருந்து அதை எடுக்காமல் சத்தத்தைக் குறைத்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

அழைப்பு வந்தது. வான் இரவு ஒன்பது மணிக்கு. பெறாமகன் முன்னால் இருப்பான். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குளிசைப் பெட்டி, கோடு போட்ட போத்தல். தும்பாட்டில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருக்கிறது.